மாம்பழத் தோலை எப்படிக் காயவைத்தால் சத்து நிற்கும்?

கேள்வி இதுதான்: கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் கழியும் தோலை வாங்கி, காயவைத்து, தூளாக்கி விற்க நினைக்கிறீர்கள். வெயிலில் போட்டால் சத்தெல்லாம் போய்விடும், உறைய வைத்து உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையர்தான் ஒரே வழி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தட்டுகளில் பரப்பிச் சூட்டுக் காற்றில் காயவைக்கும் ட்ரே டிரையரே போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை நம்புவது?

இருவருமே பாதி சரி. ஆனால் இருவரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது: கூழைப் பிரித்தெடுக்கும் பல்பர் இயந்திரத்திலிருந்து தோல் வெளியே விழுந்து எத்தனை மணி நேரம் கழித்து டிரையருக்குள் போகிறது? காலையில் கழிந்த தோல் மாலைவரை முற்றத்தில் குவியலாகக் கிடந்துவிட்டு அப்புறம் எந்த இயந்திரத்துக்குள் போனாலும் பெரிய வித்தியாசம் வராது. சத்து குவியலிலேயே போயிருக்கும். இயந்திரத்தைப் பற்றிப் பேசும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் தோலில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் ராஸ்புரி, பாதாமி ஆகிய இரண்டு ரகங்களின் தோலை ஆராய்ந்து 2007ல் வெளியிட்டார்கள். காய்ந்த தோலில் கிராமுக்கு 55 முதல் 110 மில்லிகிராம் வரை பாலிஃபீனால் (ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும், அதாவது ஆன்டிஆக்சிடன்ட் ஆன, தாவரப் பொருட்கள்), 45 முதல் 78 சதவீதம் வரை நார்ச்சத்து, கிராமுக்கு 188 முதல் 392 மைக்ரோகிராம் வரை வைட்டமின் சி. கூடவே வைட்டமின் இ, மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு. கூழ் ஆலைகளில் அதிகம் ஓடுவது பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. ரகம் மாறினால் எண்களும் மாறும், ஆனால் பொதுவான படம் இதுதான்.

அந்த வைட்டமின் சி எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். கிராமுக்கு 392 மைக்ரோகிராம் என்றால் 100 கிராம் தூளில் 39 மில்லிகிராம். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடப்போவது ஐந்து, பத்து கிராம் தூள்தான். நெல்லிக்காய் விளையும் ஊரில் வைட்டமின் சி-க்காக யாரும் மாந்தோல் தூள் வாங்க மாட்டார்கள். ஆனால் 'உலர்த்தினால் சத்து போகும்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வைட்டமின் சி-யை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். சூடு, காற்று, வெளிச்சம், நேரம் என எதையும் தாங்காத பொருள் அது. அதை அளவுகோலாக வைத்தால் ஃப்ரீஸ் டிரையரைத் தவிர எல்லாமே தோற்கும்.

மாந்தோலின் உண்மையான சொத்து வேறு. மாங்கிஃபெரின் என்ற பாலிஃபீனால், குவெர்செட்டின் வகைகள், காலோடானின்கள், நார்ச்சத்து, அதிலும் குறிப்பாக ஜெல்லியாக உறையவைக்கும் பெக்டின். மாங்கிஃபெரினில் சர்க்கரைப் பகுதி மூலக்கூறோடு கார்பன் பிணைப்பாலேயே ஒட்டியிருக்கிறது. வழக்கமான பிணைப்பைப் போல அமிலத்திலும் சூட்டிலும் அது லேசில் அறுந்துபோகாது. அதனால் 60, 70 டிகிரி சூட்டுக் காற்றைக் கண்டு அது பயப்படுவதில்லை. காலோடானின் உடைந்தாலும் பெரும்பாலும் காலிக் அமிலமாகிறது, அதுவும் ஆன்டிஆக்சிடன்ட்தான். கரோட்டினாய்டுக்கு எதிரி சூடு என்பதைவிட ஆக்சிஜனும் வெளிச்சமும். பெக்டினோ அதிக நேரச் சூட்டில் சங்கிலி சங்கிலியாகத் துண்டுபட்டு, ஜெல்லியாக உறையும் வலுவை இழக்கிறது. ஆக 'சத்து' என்று ஒரே சாக்கில் போட்டுப் பேசினால் எந்த முடிவுக்கும் வர முடியாது. நீங்கள் விற்கப்போவது எதை என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

சரி, குவியலுக்கு வருவோம். பழுதுபடாத தோலில் பாலிஃபீனால் ஓர் அறையிலும், அதை ஆக்சிஜனோடு சேர்த்துக் கெடுக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கும். பல்பரில் அடிபட்டு, கசங்கி, கிழிந்து வெளியே வரும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதே வேலைதான். தோல் பழுப்பாக மாற மாற, நீங்கள் விற்க நினைக்கும் பொருள் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதோடு ஈரமும் சர்க்கரையும் சேர்ந்த குவியல் சில மணி நேரத்திலேயே உள்ளுக்குள் சூடேறிப் புளிக்கும். மே, ஜூன் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஒரு கள்ளு வாடை வருகிறதா? அந்த லோடை உரக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்த நொதியை நிறுத்த எளிய வழி ஆவி. தோலை மெல்லிய அடுக்காகப் பரப்பி, கொதிநீராவியில் இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் நொதி செத்துவிடும். கூழ் ஆலையில் கொதிகலன் ஏற்கெனவே இருக்கிறது என்பது உங்களுக்குச் சாதகம், ஆலைக்காரரோடு பேசி அங்கேயே இந்த வேலையை முடிக்க முடியுமா பாருங்கள். வெந்நீரில் முக்கி எடுப்பதைவிட ஆவி நல்லது. வெந்நீரில் பாலிஃபீனாலும் சர்க்கரையும் கரைந்து தண்ணீரோடு போய்விடும். ஆவி காட்டிய தோலில் திசு இளகுவதால் பிறகு சீக்கிரம் காயவும் செய்கிறது. நொதி செத்ததா என்று பார்க்க ஆய்வகத்தில் குவாயகால், ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளிகள் விட்டுப் பார்ப்பார்கள். செம்பழுப்பு நிறம் வந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்தச் சோதனை பிடிப்பது பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதியை. அது சூட்டை அதிகம் தாங்கும், அது செத்திருந்தால் மற்றதும் செத்திருக்கும் என்ற கணக்கு.

இனி வெயில். திறந்த களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பதில் செலவே இல்லை, அதனால்தான் எல்லோரும் அங்கே தொடங்குகிறார்கள். சிக்கல் சூடு அல்ல. வெயிலில் தோல் எட்டும் சூடு டிரையரைவிடக் குறைவுதான். சிக்கல், அது எடுக்கும் நேரம். இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள் முழுக்கத் தோல் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது, நொதிக்கும் பூஞ்சைக்கும் அதைவிடத் தோதான நிலை கிடையாது. இரவில் பனியோ தூறலோ விழுந்தால் மறுபடி ஈரம் ஏறும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக் காற்றோடு மேகம் வேறு வரும். அஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை பிடித்தால் அது சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சின் அபாயம், அதை எந்த அரைவையும் சூடும் பிறகு போக்காது. நேரடி வெளிச்சமோ கரோட்டினாய்டை வெளுக்க வைக்கிறது. கிளிமூக்குத் தோலில் மிச்சமிருக்கும் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி இந்த அழிவை இன்னும் வேகப்படுத்தும். மூன்று நாள் களத்தில் கிடந்த தோலின் மஞ்சள் மங்கிப்போவது இதனால்தான்.

'அப்படியானால் நிழலில் காயவைக்கலாமே, முருங்கைக்கீரையை அப்படித்தானே செய்கிறோம்?' என்று பலர் கேட்பார்கள். நிழலில் காயவைப்பது இலைக்குச் சரி. இலை மெல்லியது, சர்க்கரை இல்லாதது, காற்றாட விரித்தால் சீக்கிரம் சருகாகிவிடும். மாந்தோல் தடிப்பு, உள்பக்கம் கூழ் ஒட்டிக்கொண்டிருக்கும், சர்க்கரை தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும். நிழலில் போட்டால் காய்வதற்கு முன் புளித்துவிடும். மாங்காய் வற்றல் மட்டும் எப்படி வெயிலில் நன்றாகக் காய்கிறது என்றால், அதில் உப்பு இருக்கிறது, காயின் புளிப்பும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நொதியையும் கிருமியையும் அடக்குகின்றன. பழுத்த தோலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நடுவழி ஒன்று உண்டு, சூரிய கூடார உலர்த்தி. தமிழ்நாட்டில் கொப்பரை, மிளகாய், வாழைப்பழம் காயவைக்க நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள், வேளாண் பொறியியல் துறை மானியமும் தருகிறது. உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம், புழுதியும் ஈயும் இல்லை, மழைக்குப் பயமில்லை. பாலிகார்பனேட் கூரை புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கிறது. கரோட்டினாய்டுக்காகத் தட்டுகளின் மேல் கறுப்பு நிழல்வலை ஒன்று கட்டலாம். ஆனால் இரவில் அது வெறும் கூடாரம். ஆவி காட்டாத தோலை மாலை நான்கு மணிக்கு உள்ளே வைத்தால் மறுநாள் காலை அது இருக்கும் நிலை களத்தில் கிடந்ததற்கு அதிக வித்தியாசப்படாது. காலையில் வந்த தோலை மட்டும் ஏற்றுங்கள், அல்லது இரவுக்கு விறகு அடுப்போ மின்சூடாக்கியோ துணைக்கு வையுங்கள்.

ட்ரே டிரையரில் என்ன சூடு வைப்பது என்பதில்தான் அதிகக் குழப்பம். '40 டிகிரிக்கு மேல் போகாதே' என்று சொல்பவர்கள் சூட்டை மட்டும் பார்க்கிறார்கள், நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. 40 டிகிரியில் தோல் காய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அவ்வளவு நேரமும் நொதிக்கும் ஆக்சிஜனுக்கும் விருந்து. 60 டிகிரியில் நேரம் பெரிதும் குறையும். அதனால் 40ஐவிட 55, 60ல் காயவைத்த தோலில் பாலிஃபீனால் கூடுதலாக மிஞ்சுவது வியப்பான செய்தி இல்லை. 80, 90க்குப் போனால் கதை திரும்பும். சர்க்கரை கருகி நிறம் கறுக்கும், பெக்டின் கெடும், மேற்பரப்பு சீக்கிரம் இறுகி உள்ளே ஈரம் அடைபட்டுக்கொள்ளும். வெளியே காய்ந்தது போலத் தெரியும் அந்தத் தோல், மூட்டையில் ஒரு மாதம் கழித்துப் பூஞ்சை பிடிக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: டிரையர் காட்டும் 60 டிகிரி காற்றின் சூடு, தோலின் சூடு அல்ல. ஈரம் நிறைய இருக்கும்வரை நீர் ஆவியாவதே தோலைக் குளிர்த்துக்கொண்டிருக்கும், மண்பானைத் தண்ணீர் போல. அந்தக் கட்டத்தில் தோல் 35, 40 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஈரம் வற்ற வற்றத்தான் தோலின் சூடு காற்றின் சூட்டை எட்டும், சத்துக்கு ஆபத்தான நேரம் அந்தக் கடைசிப் பகுதி. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நல்ல வித்தை கிடைக்கிறது. தொடக்கத்தில் 65, 70 வைத்து ஈரத்தை விரட்டுங்கள், பாதிக்கு மேல் காய்ந்ததும் 50, 55க்கு இறக்கிவிடுங்கள். நேரமும் மிச்சம், கடைசியில் கருகலும் இல்லை. இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம், ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

சூட்டுக்கு எங்கே கோடு போடுவது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நன்றாக உதவும். மாம்பழம் அல்ல, ஒயினுக்குப் பிழிந்த கறுப்புத் திராட்சையின் தோல். ஸ்பெயினில் செய்தது, 1997ல் வெளியானது. 60 டிகிரியில் காயவைத்தபோது ஃப்ரீஸ் டிரையிங்கோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி இழப்பு இல்லை. 100 டிகிரியில் பாலிஃபீனால் 18.6 சதவீதமும், 140ல் 32.6 சதவீதமும் குறைந்தன. ஆன்டிஆக்சிடன்ட் திறனோ 28 சதவீதம், 50 சதவீதம் என்று அதைவிட வேகமாக விழுந்தது. திராட்சைத் தோலின் நிறமியான ஆந்தோசயனின் மாங்கிஃபெரினைவிடச் சூட்டுக்கு மென்மையானது. அதற்கே 60 தாங்கியது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

அப்போ ஃப்ரீஸ் டிரையர் எதற்கு? தோலை உறைய வைத்து, காற்றழுத்தத்தை மிகவும் குறைத்து, பனிக்கட்டியை நீராக விடாமல் நேரே ஆவியாக்குவது அதன் வேலை. நீர்ம நிலையில் தண்ணீரே இல்லாததால் நொதி வேலை செய்ய இடமில்லை, சூடும் குறைவு. நிறம், மணம், வைட்டமின் சி மூன்றையும் இதைப்போலக் காப்பாற்றும் முறை வேறில்லை. ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இதை வைப்பதும் அதனால்தான்.

ஆனால் விற்பனையாளர் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. குளிரில் நொதி சாவதில்லை, தூங்குகிறது. ஆவி காட்டாமல் இப்படிக் காயவைத்த தூளைத் தண்ணீரிலோ மோரிலோ கலக்கும்போது அது விழித்துக்கொண்டு பழுப்பாக்கத் தொடங்கும். இரண்டாவது, இப்படிக் காய்ந்த பொருள் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டையிலும் காற்று. டிரையரிலிருந்து எடுத்த அன்று கரோட்டினாய்டு முழுசாக இருக்கும், சாதாரணக் கவரில் அடைத்தால் சேமிப்பில் ட்ரே டிரையர் தூளைவிட வேகமாகவே கரையக்கூடும். வெற்றிடமோ நைட்ரஜனோ அடைத்த அலுமினியப் பையில் போட்டால்தான் கொடுத்த காசுக்குப் பலன். காசு என்றால் சும்மா இல்லை. பனியை ஆவியாக்கும் வெப்பமே நீரை ஆவியாக்குவதைவிட அதிகம், அதற்கு மேல் உறைய வைக்க, வெற்றிடம் பிடிக்க, வந்த ஆவியைத் திரும்ப உறையவைக்க என்று மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பருவம் இரண்டு மூன்று மாதம்தான், மீதி நாளில் அதில் எதைப் போடுவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்ரோவேவ் மிக வேகம், நொதியையும் சீக்கிரம் கொல்லும், ஆனால் சர்க்கரையுள்ள தோலில் அங்கங்கே கருகும். வெற்றிடத்தோடு சேர்ந்த மைக்ரோவேவ் இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்க்கிறது, விலைதான் தடை. ஹீட் பம்ப் டிரையர் 40, 50 டிகிரியில் காய்ந்த காற்றைச் சுற்றவிடுவதால் அந்தச் சூட்டில் சாதாரண டிரையரைவிட வேகமாகக் காயவைக்கும். ட்ரே டிரையருக்கு அடுத்த படி ஏற வேண்டுமென்றால் நான் பார்ப்பது இதைத்தான்.

ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. 'சூட்டில் காயவைத்ததும் பாலிஃபீனால் கூடியது' என்று சில கட்டுரைகளில் வரும். காயவைத்ததால் புதிதாக எதுவும் முளைத்துவிடாது. ஒரு பகுதி உண்மை: நாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது சூட்டில் விடுபட்டு, கரைசலில் எளிதாக வெளிவருகிறது. மறுபகுதி அளக்கும் முறையின் கோளாறு. மொத்த ஃபீனால் அளக்கப் பயன்படும் ஃபோலின் சியோகால்ட்யூ கரைசல் ஃபீனாலை மட்டும் பார்ப்பதில்லை. வைட்டமின் சி, சில சர்க்கரைகள், சூட்டில் உண்டாகும் பழுப்புப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் அது நீலம் காட்டும். கருகின தோலுக்கு நல்ல மதிப்பெண் விழுவது இப்படித்தான். ஃப்ரீஸ் டிரையிங் செய்தது மாவாக நொறுங்குவதால் அதிலிருந்து கரைத்தெடுப்பதும் எளிது, அதனாலும் எண் கூடும். ஆகவே மொத்த ஃபீனால் எண்ணை மட்டும் நம்பாமல், பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் மாங்கிஃபெரினைத் தனியாக அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் சோதனைக்குக் கொடுக்கும்போதும் அதையே கேளுங்கள். தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் விசாரிக்கலாம்.

எரிபொருள் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு டன் ஈரத்தோலில் 75 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள். 8 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது சுமார் 270 கிலோ. 730 கிலோ தண்ணீரை விரட்ட வேண்டும். அதை ஆவியாக்க மட்டும், ஒரு துளி வீணாகாமல், ஏறக்குறைய 480 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். சாதாரண டிரையரில் பாதி வெப்பம் வெளிக்காற்றோடு போகும் என்பதால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இதைக் குறைக்க முதலில் ஸ்க்ரூ பிரஸ்ஸில் பிழிந்துவிடலாம் என்று தோன்றும். நாருக்காக விற்பதானால் தாராளமாகப் பிழியுங்கள், சர்க்கரை போவதால் தூள் கட்டிபிடிக்காமலும் இருக்கும். பாலிஃபீனாலுக்காக விற்பதானால் பிழிந்த சாற்றோடு அதுவும் ஓடும், யோசித்துச் செய்யுங்கள். பெக்டின் தயாரிப்பவர்களுக்குக் கொடுப்பதானால் அவர்களே தோலைக் கழுவித் தரச் சொல்வார்கள், அது வேறு கணக்கு.

காய்ந்தபின் தூளின் நீர்ச்செயல்பாடு (கிருமிகள் பயன்படுத்தக்கூடிய நீரின் அளவு, 0 முதல் 1 வரை) 0.6க்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. மாந்தோல் தூள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் களிபோல ஆகும் இயல்புடையது, ஆறியதும் உடனே அடையுங்கள். சூடாக அடைத்தால் பைக்குள் வியர்க்கும். முழுத்தோலாகச் சேமித்துவைத்து, ஆர்டர் வரும்போது அரைப்பதுதான் நல்லது. அரைத்த நாளிலிருந்து காற்று படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது.

எந்த டிரையரும் தீர்க்காத இரண்டு விஷயங்களும் உண்டு. தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்தின் மிச்சம் இருப்பது பெரும்பாலும் தோலில்தான். காயவைத்தால் தண்ணீர் போகும், மருந்து அடர்த்தியாகும். ஆகவே எந்தத் தோட்டத்துக் காய், கழுவினார்களா, எச்ச சோதனை உண்டா என்று ஆலையில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று மாங்காய்ப் பால். சிலருக்கு அது பட்டாலே வாயோரம் புண்ணாகும், அந்த ஒவ்வாமைப் பொருளின் உறவினர்கள் தோலிலும் இருக்கின்றன. பாக்கெட்டில் ஒரு வரி எச்சரிக்கை போடுவது நியாயம். சுவையிலும் எல்லை உண்டு: சி.எஃப்.டி.ஆர்.ஐ.யிலேயே மாந்தோல் தூளை பிஸ்கட் மாவில் 20 சதவீதம் வரை சேர்த்துப் பார்த்தார்கள், சாப்பிடுபவர்கள் ஏற்றுக்கொண்டது 10 சதவீதம் வரைதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தப் பருவத்தில் பெரிய இயந்திரம் எதுவும் வாங்க மாட்டேன். ஒரு சிறிய ட்ரே டிரையரை வாடகைக்கு எடுத்து, ஒரே நாள் தோலை நான்காகப் பிரிப்பேன். ஒரு பங்கு ஆவி காட்டி இரண்டு மணி நேரத்துக்குள் 60 டிகிரியில், இன்னொன்று ஆவி காட்டாமல் அதே சூட்டில், மூன்றாவது ஆவி காட்டிக் கூடார உலர்த்தியில், நான்காவது ஆறு மணி நேரம் குவியலில் கிடந்தபின் 60 டிகிரியில். நான்குக்கும் மாங்கிஃபெரின், மொத்தக் கரோட்டினாய்டு, ஈரம், பூஞ்சை எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து வாங்குவேன். ஃப்ரீஸ் டிரையருக்குக் கேட்கும் விலையில் ஒரு சிறு பகுதிகூட இதற்கு ஆகாது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவரிடம் பேசுங்கள். அவர் நிறத்துக்குக் காசு கொடுக்கிறாரா, நாருக்கா, மாங்கிஃபெரினுக்கா என்று தெரிந்த பிறகு டிரையரைத் தேர்ந்தெடுக்கலாம்.